ஆவியாக்கும் கூலி

சேலம், நாமக்கல் சமவெளியின் பிழைப்பு எதில் ஓடுகிறது என்று கேட்டால் ஜவ்வரிசி, வெல்லம், முட்டை, மேட்டூர் மின்சாரம், காவிரிப் பாசனம் என்று வரிசையாகச் சொல்லிவிடலாம். ஒன்றுக்கொன்று தொடர்பில்லாதவை போலத் தோன்றும் இந்த ஐந்துக்கும் அடியில் ஒரே வேலைதான் நடக்கிறது: நீர் ஆவியாகிறது. ஆத்தூர், ராசிபுரம் பக்கத்துச் சேகோ ஆலைகளின் களத்தில் மாவு மணிகளிலிருந்து நீர் போயாக வேண்டும். பரமத்தி வேலூர், ஜேடர்பாளையம் பக்கத்து வெல்ல ஆலைகளின் கொப்பரையில் கரும்புப் பாலிலிருந்து நீர் போயாக வேண்டும். நாமக்கல் பண்ணைக் கோழி சித்திரை வெயிலைத் தாங்க, அதன் மூச்சுப் பாதையிலிருந்து நீர் போயாக வேண்டும். மேட்டூர் அனல்மின் நிலையக் கொதிகலனில் நீர் ஆவியானால்தான் டர்பைன் சுழலும். அதே மேட்டூரில், அணையின் பரப்பிலிருந்து மட்டும் நீர் போகக் கூடாது. ஆனால் அங்கும் அது இரவு பகலாகப் போய்க்கொண்டிருக்கிறது. 'நீர் சூடானால் ஆவியாகும்' என்று பள்ளியில் படித்ததோடு நாம் விட்டுவிட்ட இந்த விஷயத்தில், பாடப்புத்தகம் அழுத்திச் சொல்லாத ஒன்று உண்டு. நீரை ஆவியாக்க ஒரு கூலி கொடுத்தாக வேண்டும். வெயிலில் உலர்ந்தாலும் நெருப்பில் கொதித்தாலும் அந்தக் கூலி ஏறத்தாழ ஒன்றேதான். அதை யார் கொடுக்கிறார்கள், எவ்வளவு நேரத்தில் கொடுக்கிறார்கள், கொடுத்ததில் ஏதாவது திரும்பி வருகிறதா என்பதில்தான் வித்தியாசமெல்லாம். இந்தக் கணக்கு பிடிபட்டால் இந்த வட்டாரத்தின் விறகுச் செலவு, மின்செலவு, நீர்ச்செலவு மூன்றையுமே வேறு கண்ணோடு பார்க்கலாம்.

முதலில் கூலி எதற்கு என்று பார்ப்போம். திரவ நிலையில் இருக்கும் நீரின் மூலக்கூறுகள் ஒன்றையொன்று இழுத்துப் பிடித்தபடியே ஓயாமல் அசைகின்றன. எல்லாம் ஒரே வேகத்தில் அசைவதில்லை. சில மெதுவாக, பல நடுத்தரமாக, சில மிக விரைவாக. பரப்புக்கு அருகில் இருக்கும் விரைவான மூலக்கூறு ஒன்று, அக்கம்பக்கத்தின் பிடியை அறுத்துக்கொண்டு காற்றில் பாய்ந்தால் அதுவே ஆவியாதல். பிடியை அறுக்க ஆற்றல் வேண்டும். அந்த ஆற்றலை அது மிச்சமுள்ள நீரிடமிருந்துதான் எடுத்துக்கொண்டு போகிறது; அதனால்தான் மிஞ்சும் நீர் குளிர்கிறது. அடுப்பில் வைத்துக் கொதிக்கவிடும்போதும் நடப்பது இதே பிடி அறுத்தல்தான். 1760களில் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் ஜோசப் பிளாக் என்ற பேராசிரியர் இதை அளந்து பார்த்தார். நீர் கொதிக்கத் தொடங்கிய பின் எவ்வளவு நேரம் தீ எரித்தாலும் வெப்பமானி நகரவில்லை. கொடுத்த வெப்பமெல்லாம் எங்கே போயிற்று? வெப்பநிலையை உயர்த்தாமல், திரவத்தை ஆவியாக்குவதிலேயே அது முழுதும் செலவாகிறது என்று அவர் கண்டார். பாடப்புத்தகத்தில் 'உள்ளுறை வெப்பம்' என்று வருவது இதுதான். அதே பல்கலைக்கழகத்தில் கருவிகளைப் பழுதுபார்த்து வந்த ஜேம்ஸ் வாட், பின்னாளில் நீராவி எந்திரத்தைச் சீர்படுத்தியதில் இந்தப் புரிதலுக்குப் பங்குண்டு.

இனி அளவு. 30 டிகிரி செல்சியஸில் இருக்கும் ஒரு லிட்டர் நீரை அதே 30 டிகிரியிலேயே ஆவியாக்க ஏறத்தாழ 2,430 கிலோஜூல் வெப்பம் வேண்டும். அதே நீரை 100 டிகிரிக்குச் சூடாக்கிக் கொதிக்கவைத்து ஆவியாக்கினால், சூடாக்க 290, ஆவியாக்க 2,257 என்று மொத்தம் 2,550 கிலோஜூல் அளவுக்கு ஆகும். இரண்டுக்கும் இடைவெளி நூற்றுக்கு ஐந்துதான். மின்கட்டண அட்டையின் மொழியில் சொன்னால், எந்த வழியில் போனாலும் லிட்டருக்குச் சுமார் 0.7 யூனிட். கொதித்தலில் சூடு அதிகம், ஆகவே செலவும் பல மடங்கு இருக்கும் என்பது பலருடைய எண்ணம். நீரைக் கொதிநிலைக்குக் கொண்டுபோகும் செலவு சிறியது. பெருஞ்செலவு அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. அப்படியானால் இரண்டுக்கும் என்னதான் வேறுபாடு? இடமும் வேகமும். ஆவியாதல் பரப்பில் மட்டும் நடக்கும்; எந்த வெப்பநிலையிலும் நடக்கும்; மேலே உள்ள காற்றில் ஈரத்துக்கு இடமிருந்தால் மட்டுமே நடக்கும். கொதித்தல் நீரின் உள்ளேயே குமிழியாக நடக்கும். அந்தக் குமிழி நசுங்காமல் நிற்க வேண்டுமானால், உள்ளே இருக்கும் ஆவியின் அழுத்தம் வெளிக்காற்றின் அழுத்தத்துக்குச் சமமாக வேண்டும். 30 டிகிரியில் நீரின் ஆவி அழுத்தம் காற்றழுத்தத்தில் இருபத்துநான்கில் ஒரு பங்குதான். 100 டிகிரியில் இரண்டும் சமம். காற்றழுத்தம் குறைந்தால் கொதிநிலையும் குறையும். சேலத்தில் 99 டிகிரியை ஒட்டிக் கொதிக்கும் நீர், 1,500 மீட்டர் உயர ஏற்காட்டில் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். அங்கே பருப்பு வேகத் தாமதமாவது அதனால்தான்.

களத்தில் வெயில் தரும் கூலி

மரவள்ளி என்றும் குச்சிக்கிழங்கு என்றும் சொல்லப்படும் கிழங்கிலிருந்து ஜவ்வரிசி செய்யும் தொழில், இரண்டாம் உலகப் போரின்போது மலாயாப் பக்கமிருந்து வந்த சேகோ நின்றுபோன 1940களில் சேலத்தில் வேர் பிடித்தது. 1981இல் சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கம் வந்தது. 2023இல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. கிழங்கைக் கழுவித் தோல் நீக்கி, அரைத்து, வடிகட்டி, பாலைத் தொட்டியில் படியவிட்டு எடுக்கும் ஈரமாவைக் குலுக்கி மணியாக்கி, சூடான தட்டில் லேசாக வறுத்து, சிமெண்ட் களத்தில் பரப்பிக் காயவைக்கிறார்கள். நூறு கிலோ ஈரமணியில் 45 கிலோ நீர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். கெடாமல் மூட்டை கட்ட ஈரம் 12 விழுக்காட்டுக்கு இறங்க வேண்டுமானால், முப்பத்தேழரை கிலோ நீர் வெளியேற வேண்டும். அதற்கான கூலி 25 யூனிட். இந்தச் சமவெளியில் ஒரு சதுர மீட்டர் களத்தின்மேல் நல்ல வெயில் நாளில் விழும் சூரிய ஆற்றல் சுமார் 5 யூனிட். ஆக, வெயிலில் துளியும் வீணாகாவிட்டால் நூறு கிலோவைக் காயவைக்க ஐந்து சதுர மீட்டர் போதும். வீணாவது நிறைய என்பதால் நடைமுறையில் களம் இதைவிடப் பலமடங்கு விரிவாக இருக்கிறது. வெள்ளைக் கம்பளம் விரித்தது போன்ற அந்தக் களங்களின் பரப்பு ஆலைக்காரரின் ஆடம்பரமல்ல. உள்ளுறை வெப்பம் கேட்கும் நிலம் அது.

வெயில் இலவசம், பிறகு எதற்குக் கூலிக் கணக்கு என்று ஒருவர் கேட்கலாம். வெயில் பணம் கேட்பதில்லை. நேரமும் நிலமும் ஆளும் கேட்கிறது. மேற்பரப்பு மணி காய்ந்து அடியிலிருப்பது ஈரமாகக் கிடந்தால் வேலை நின்றுவிடும். ஆகவே அடிக்கடி கிளறி, புதுப்புதுப் பரப்பைக் காற்றுக்குக் காட்ட ஆள் வேண்டும். ஐப்பசி மழையில் மேகம் மூடிக்கொண்டால் இரண்டு கேடு ஒன்றாக வரும்: கூலி கொடுக்கும் வெயிலும் இல்லை, ஆவியை வாங்கிக்கொள்ளும் உலர்ந்த காற்றும் இல்லை. ஈரமாவு அதுவரை பொறுத்திருக்காது; புளித்துவிடும். அதற்காக மின்சார உலர்த்திக்கு மாறிவிடலாம் என்றால், கூலி மறைந்துவிடாது; வேறு ஊருக்கு இடம் மாறும். குளிர்விப்புக் கோபுரம் உள்ள பழைய அனல்மின் நிலையங்கள் ஒரு யூனிட்டுக்கு மூன்றரை லிட்டருக்கு மேல் நீர் செலவிடக் கூடாது என்று மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் 2015இல் வரம்பு வகுத்தது. அந்த வரம்பின்படி பார்த்தால், களத்தில் ஒரு லிட்டர் நீரை வெறும் மின்சூட்டால் விரட்ட, மின் நிலையத்தில் இரண்டரை லிட்டர் வரை நீர் செலவாகலாம். பகலில் வெயிலை உள்ளே பிடித்து, மழைத்துளியையும் தூசியையும் வெளியே நிறுத்தும் சூரியக் கூடார உலர்த்திகள் இதற்கு நியாயமான நடுவழி. கூலி வெயிலுடையதாகவே இருக்கும். நேரமும் தூய்மையும் நம் கையில் இருக்கும்.

கொப்பரையில் சக்கை தரும் கூலி

வெல்லத்துக்கு வருவோம். பிலிக்கல்பாளையம் ஏலச் சந்தைக்கும் சேலம் செவ்வாய்ப்பேட்டை மண்டிக்கும் வந்து சேரும் ஒவ்வொரு சிப்பத்துக்குப் பின்னாலும், கூரைக்கு மேல் போய்விட்ட ஏராளமான நீர் இருக்கிறது. கரும்புப் பாலில் ஐந்தில் நான்கு பங்கு நீர். நூறு கிலோ பாலைக் காய்ச்சினால் கிட்டத்தட்ட 80 கிலோ நீர் போய், 20 கிலோ வெல்லம் நிற்கும். பாலைக் கொதிநிலைக்கு ஏற்ற 7 யூனிட்டை ஒட்டிய வெப்பம் ஆகிறது. நீரை ஆவியாக்க 50 யூனிட். அடுப்பில் போடும் சக்கையில் எட்டில் ஏழு பங்கு, பொங்கி வழியாமல் கொதித்துக்கொண்டிருக்கும் அந்த நீண்ட நேரத்துக்கே போகிறது. கொதி தொடங்கிய பின் சூடு ஒரே நிலையில் நிற்பதுமில்லை. நீர் குறையக் குறையச் சர்க்கரையின் செறிவு கூடும்; பரப்பில் நீர் மூலக்கூறுகளுக்குக் கிடைக்கும் இடம் சுருங்கும்; ஆவி அழுத்தம் தாழும். அதைக் காற்றழுத்தத்துக்குச் சமமாக்க மேலும் சூடேற்ற வேண்டும். ஆகவே 100 டிகிரியை ஒட்டித் தொடங்கிய கொதி, பாகு பதம் வரும்போது 115 டிகிரியைத் தாண்டியிருக்கும். வெப்பமானி இல்லாமல், பாகைத் தண்ணீரில் விட்டு உருட்டிப் பார்த்துப் பதம் சொல்லும் ஆள் உண்மையில் கொதிநிலை உயர்வைத்தான் விரலால் அளக்கிறார். அந்தக் கட்டத்தில் அரை நிமிடம் தவறினாலும் பாகு கருகும். விரட்ட வேண்டிய நீர் தீர்ந்துபோனதால், அதுவரை ஆவியோடு போய்க்கொண்டிருந்த வெப்பம் சர்க்கரையின்மேல் பாயத் தொடங்குகிறது என்பதே காரணம்.

ஜவ்வரிசியைப் போல வெல்லத்தையும் வெயிலிலேயே காய்ச்சிவிடலாமே என்ற கேள்வி நியாயமானது. கூலி ஒன்றுதான் என்றால் இலவசமாகக் கொடுப்பவரை ஏன் விட வேண்டும்? இரண்டு காரணங்கள். கரும்புப் பால் சில மணி நேரத்திலேயே புளித்துச் சர்க்கரை சிதையும். பரப்பிலிருந்து மட்டும் மெல்லப் போகும் ஆவியாதலுக்கு அது காத்திராது. அடுத்து, கொதியின் கலக்கலும் சூடும் வெறும் நீரை மட்டும் விரட்டுவதில்லை. பாலிலுள்ள அழுக்கைத் திரட்டி நுரையாக மேலே கொண்டுவருகின்றன. சுண்ணாம்பும் வெண்டைச் செடிச் சாறும் அதற்குத் துணை நிற்கின்றன. வெல்லத்தின் நிறமும் மணமும் அந்தச் சூட்டில்தான் உருவாகின்றன. ஆனால் வெயிலுக்கு இந்த ஆலையில் வேலையே இல்லை என்று நினைத்தால் அதுவும் பிசகு. பிழிந்தெடுத்த சக்கையின் எடையில் பாதி நீர். அதை அப்படியே அடுப்பில் தள்ளினால் தீயின் ஒரு பங்கு சக்கையிலுள்ள நீரை ஆவியாக்குவதிலேயே போய்விடும், புகை மண்டும், கொப்பரைக்குச் சூடு குறையும். ஆலையைச் சுற்றி வயலில் சக்கையைப் பரப்பிக் காயவைக்கும் பழக்கம், கொதித்தலுக்கான கூலியில் ஒரு பகுதியை முன்கூட்டியே வெயிலிடம் வாங்கிக்கொள்ளும் கெட்டிக்காரத்தனம். மழைக்கு மூடிவைக்கக் கொட்டகை இல்லாமல் சக்கை நனைந்து, பின் வெளியிலிருந்து எரிபொருள் வாங்கும் ஆலை அந்தக் கூலியை இரண்டு முறை கொடுக்கிறது.

கூலி திரும்பி வருமா?

ஆவியாக்கும் கூலி மாறாதது என்று நான் சொல்வதற்கு வலுவான மறுப்பு மோகனூரில் நிற்கிறது. அங்குள்ள சேலம் கூட்டுறவுச் சர்க்கரை ஆலை போன்ற பெரிய ஆலைகளும் அதே கரும்புப் பாலிலிருந்து அதே நீரைத்தான் விரட்டுகின்றன. ஆனால் ஒரு கிலோ நீராவியைக் கொண்டு ஒரு கிலோவுக்கு மேல், மூன்று நான்கு கிலோவரைகூட நீரை ஆவியாக்கிவிடுகின்றன. அப்படியானால் கூலி குறைந்துவிட்டதா? இல்லை. ஆவியானபோது வாங்கிய வெப்பத்தை, அந்த ஆவி மீண்டும் நீராகும்போது ஒரு பைசா குறையாமல் திருப்பித் தருகிறது. முதல் கலத்தில் எழும் ஆவியை வானத்தில் விடாமல் இரண்டாம் கலத்தின் அடியில் செலுத்துகிறார்கள். அங்கே அது குளிர்ந்து நீராகும்போது விடும் வெப்பம் இரண்டாம் கலத்துப் பாலைக் கொதிக்கவைக்கிறது. அதன் ஆவி மூன்றாவதற்கு. ஆறிய ஆவி எப்படி அடுத்ததைக் கொதிக்கவைக்கும் என்றால், ஏற்காட்டுக் கணக்குத்தான். ஒவ்வொரு கலத்திலும் அழுத்தத்தைக் குறைத்துக்கொண்டே போனால் கொதிநிலையும் இறங்கிக்கொண்டே போகும். கடைசிக் கலத்தில் கைபொறுக்கும் சூட்டைச் சற்றே தாண்டிய வெப்பத்திலேயே சாறு கொதிக்கும். கருகலும் குறைவு. இந்த ஏற்பாட்டை நடைமுறைக்குக் கொண்டுவந்தவர் நார்பர்ட் ரில்லியு. அமெரிக்காவின் லூசியானாவில், கருப்பினத் தாய்க்குப் பிறந்தவர். அடிமைமுறை நிலவிய அந்த நாட்டில், அடிமைகள் கொப்பரை கொப்பரையாகச் சாற்றை மொண்டு ஊற்றி வெந்துபோன காலத்தில், 1843இல் இதற்குக் காப்புரிமை பெற்றார்.

நம் ஊர் வெல்ல ஆலையால் வெற்றிடக் கலங்களை வாங்க முடியாது, வாங்கவும் தேவையில்லை. ஆனால் கூலியை வசூலித்துக்கொள்ளும் அதே எண்ணத்தைச் சிறிய அளவில் கையாளலாம். லக்னோவில் உள்ள இந்தியக் கரும்பு ஆராய்ச்சி நிறுவனம் இரண்டு, மூன்று கொப்பரைகளை வரிசையாக வைக்கும் அடுப்புகளை வடிவமைத்திருக்கிறது. முதல் கொப்பரையைத் தாண்டிப் புகைபோக்கிக்குப் போகும் சூடான புகை, அடுத்த கொப்பரையிலுள்ள புதுப் பாலைச் சூடாக்கிவிடுகிறது. நாம் மேலே பார்த்த எட்டில் ஒரு பங்குச் செலவு, வீணாகும் புகையிலிருந்தே கிடைத்துவிடும். மிச்சமாகும் சக்கை விற்பனைக்கோ உரத்துக்கோ ஆகும்.

இதே கூலியின் பெரும்படிக் கணக்கை மேட்டூர் அனல்மின் நிலையத்தில் பார்க்கலாம். அதன் திறன் 1,440 மெகாவாட். அங்கே நீர் 100 டிகிரியில் கொதிப்பதில்லை. காற்றழுத்தத்தைப்போல் நூறு மடங்குக்கும் மேலான அழுத்தத்தில் 300 டிகிரிக்கு மேல்தான் ஆவியாகிறது. அந்த ஆவி டர்பைனைச் சுழற்றிவிட்டு, குளிர்கலத்தில் மறுபடி நீராகும்போது தான் வாங்கிய கூலியைத் திருப்பித் தருகிறது. ஆனால் அப்போது அதன் சூடு உடல் வெப்பத்தைச் சற்றே தாண்டியதாக இருப்பதால், அதை வைத்து மின்சாரம் எடுக்க முடியாது. நிலக்கரி தந்த வெப்பத்தில் பாதியளவு இப்படி வெளியேற வேண்டியதாகிறது. வெளியேற்றும் வழியும் ஆவியாதல்தான். குளிர்விப்புக் கோபுரத்துக்குள் வெந்நீர் துளித்துளியாக விழ, ஒரு பங்கு ஆவியாகி மிச்சத்தைக் குளிர்விக்கிறது. கோபுரத்தின் தலையில் தெரியும் வெள்ளை மேகத்தை ஆலைப் புகை என்று நினைப்பவர்கள் உண்டு. நீராவி கண்ணுக்குத் தெரியாது. நாம் பார்ப்பது வெளிக்காற்றில் பட்டுத் திரும்பத் துளியான நீர். நெருப்பால் ஆவியாக்கியதை, வேறு நீரை ஆவியாக்கித்தான் ஆற்ற முடிகிறது. கூலி கொடுத்ததற்கும் வாங்கியதற்கும் நடுவில் நமக்கு மிஞ்சுவதுதான் கம்பியில் வரும் மின்சாரம்.

காற்றில் இடமில்லாவிட்டால்

கூலி கையில் இருந்தும் ஆவியாதல் நடக்காமல் போகும் இடத்துக்கு நாமக்கல் கோழிப்பண்ணை சிறந்த சான்று. கோழிக்கு வியர்வைச் சுரப்பி கிடையாது. அதன் உடல் வெப்பநிலை 41 டிகிரியை ஒட்டியது. வெளிவெப்பம் 40 டிகிரியைத் தொடும் சித்திரை, வைகாசியில் உடல் சூட்டைக் காற்றுக்குத் தள்ள வழியில்லை. அலகைத் திறந்து மூச்சிரைத்து, மூச்சுப் பாதையின் ஈரத்தை ஆவியாக்குவதே கோழிக்கு இருக்கும் ஒரே வழி. ஒவ்வொரு மில்லிலிட்டர் நீரும் உடலிலிருந்து 2.4 கிலோஜூல் வெப்பத்தை எடுத்துச் செல்கிறது. இதற்குக் கோழி கொடுக்கும் விலை நீர் மட்டுமல்ல. ஓயாத மூச்சிரைப்பில் ரத்தத்திலுள்ள கரியமில வாயு மிகுதியாக வெளியேறிவிடுகிறது, முட்டை ஓட்டுக்கு வேண்டிய கார்பனேட் குறைகிறது, ஓடு மெலிகிறது. கோடையில் லாரியில் உடையும் முட்டைகளுக்குப் பின்னால் ஆவியாதலின் இந்தச் செலவும் இருக்கிறது. பண்ணைக்காரர்கள் தெளிப்பான் போட்டு, கூரையை நனைத்து, சாக்குப் படுதாவை ஈரமாக்கிக் கோழியின் வேலையில் ஒரு பங்கை வாங்கிக்கொள்கிறார்கள். கூரை நனைவதில் தவறில்லை. ஆனால் கொட்டகைக்குள் தெளிப்பது எப்போதும் உதவும் என்பது உண்மையல்ல. வெப்பம் 40 டிகிரி, ஈரப்பதம் 20 விழுக்காடு என்றால் ஆவியாதலால் காற்றை 23 டிகிரி வரை குளிர்விக்க இடமிருக்கிறது. கோடைமழை பெய்து ஓய்ந்த மாலையில் வெப்பம் 35, ஈரப்பதம் 70 என்றால் 30 டிகிரிக்குக் கீழே கொண்டுபோக முடியாது. அந்நேரம் தெளிக்கும் நீர், கோழியின் மூச்சு ஈரம் போய்ச்சேர வேண்டிய இடத்தைத்தான் அடைத்துக்கொள்ளும். 35 டிகிரி என்று சொல்லும் வெப்பமானியை மட்டும் பார்ப்பவர் நாள் குளிர்ந்துவிட்டது என்று நினைப்பார். கோழிக்கோ அது 40 டிகிரி உலர்ந்த நாளைப் போலவே மோசமான நாளாக இருக்கக்கூடும். நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி வெளியிடும் வானிலை அறிக்கையில் வெப்பநிலையோடு காற்றின் ஈரப்பதமும் வேகமும் இடம்பெறுவது இதற்காகத்தான். ஈரம் மிகுந்த நாளில் தெளிப்பானை நிறுத்திக் காற்றோட்டத்தைக் கூட்டுவதே சரி.

அணை சொல்லும் அளவு

கடைசியாக, யாரும் கேட்காமலே கூலி கொடுக்கப்படும் இடம். 1934இல் கட்டி முடிக்கப்பட்ட மேட்டூர் அணை, 120 அடி நிரம்பும்போது 93.47 டி.எம்.சி. நீரைத் தேக்கி, ஏறத்தாழ 153 சதுர கிலோமீட்டருக்குப் பரந்து நிற்கும். அந்தப் பரப்பில் ஒரே ஒரு மில்லிமீட்டர் ஆவியானால் 15 கோடி லிட்டருக்கு மேல் நீர் போயிற்று. அதற்கான கூலி 10 கோடி யூனிட்டைத் தாண்டும். அணைக்குப் பக்கத்திலேயே நிற்கும் 1,440 மெகாவாட் அனல்மின் நிலையம் முழுத்திறனில் மூன்று நாள் ஓடினால் தரும் மின்சாரம் அவ்வளவு. சூரியன் அதைப் போகிறபோக்கில் கொடுத்துவிட்டுப் போகிறது. நாளுக்கு 5 மில்லிமீட்டர் வீதம் என்று வைத்தால், நிறைந்த அணையில் 37 நாளுக்கு ஒரு டி.எம்.சி. வானத்துக்குப் போகும். இதைத் தடுக்கும் ஆசையில்தான் 2017 ஏப்ரலில் தேனி மாவட்ட வைகை அணையில் அன்றைய கூட்டுறவுத் துறை அமைச்சர் செல்லூர் ராஜூ தெர்மாகோல் அட்டைகளை நாடாவால் ஒட்டி மிதக்கவிட்டார். சற்று நேரத்தில் காற்று அவற்றைக் கரையில் ஒதுக்கியது, நாடே சிரித்தது. சிரித்தவர்களில் பலர் கவனிக்காதது, பரப்பை மூடினால் ஆவியாதல் குறையும் என்ற எண்ணத்தில் பிழையில்லை என்பது. அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலஸ் நகரம் 2015இல் தன் நீர்த்தேக்கம் ஒன்றில் 9 கோடியே 60 லட்சம் கருப்புப் பந்துகளை மிதக்கவிட்டது. நீரின் தரத்தைக் காப்பதே அதன் முதல் நோக்கம் என்றாலும் ஆவியாதலும் குறைந்தது. வைகையில் பிழை இருந்தது அளவில். எந்த வெயிலும் காற்றும் சேர்ந்து இத்தனை கோடி யூனிட் கூலியைத் தினமும் கொடுக்கின்றனவோ, அந்தக் காற்றின் முன் ஒட்டுநாடா நிற்காது. பரப்பில் ஒரு மூலக்கூறு தடிமனுக்குக் கொழுப்பு ஆல்கஹால் பரப்பும் முறையும் உலகில் சோதிக்கப்பட்டிருக்கிறது; பெரிய ஏரிகளில் அதையும் காற்றும் அலையும் கிழித்துவிடுகின்றன.

அப்படியானால் கைகட்டி நிற்க வேண்டியதுதானா? பெரிய அணையில் ஏறத்தாழ அப்படித்தான். ஆனால் ஊர் ஏரிகளில் அப்படியில்லை. ஆவியாதல் கொள்ளளவைப் பார்ப்பதில்லை, பரப்பைப் பார்க்கிறது. வண்டல் சேர்ந்து ஒரு மீட்டர் ஆழமே மிஞ்சிய ஏரி, நாளுக்கு 5 மில்லிமீட்டர் வீதம், வேறு யாரும் தொடாமலேயே 200 நாளில் வற்றிவிடும். அதே நீரை மூன்று மீட்டர் ஆழத்தில், மூன்றில் ஒரு பங்குப் பரப்பில் வைத்திருந்தால் அந்த 200 நாளில் மூன்றில் ஒரு பங்குதான் போகும். தூர் வாருவது என்பது கொள்ளளவைக் கூட்டும் வேலை என்றே பேசப்படுகிறது. வெயிலுக்குக் காட்டும் முகத்தைச் சுருக்கும் வேலையும்கூட அது. சேலத்துப் பனமரத்துப்பட்டி ஏரியிலிருந்து ஊர்க்குட்டை வரை எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். மரவள்ளி வயலில் சொட்டுநீரும் கரும்புப் பாத்தியில் சோகை மூடாக்கும் செய்வதும் இதுவே: வெயிலும் காற்றும் படும் ஈரப் பரப்பைக் குறைப்பது.

இந்த ஐந்து இடங்களையும் சேர்த்துப் பார்த்தால் ஒரு முடிவுக்கு வரலாம். நீரை ஆவியாக்கும் கூலியில் தள்ளுபடி கிடையாது. எந்தக் கருவி விற்பவர் வந்து 'பாதிச் செலவில் உலர்த்தலாம்' என்று சொன்னாலும், மீதிப் பாதியை யார் கொடுக்கிறார், அல்லது எந்த ஆவியிலிருந்து திரும்ப வசூலிக்கிறார் என்று கேளுங்கள். பதில் இருந்தால் வாங்குங்கள். ஆலையிலும் களத்திலும் வெயிலால் முடிந்தவரை முதலில் விரட்டுங்கள். நெருப்பைக் கடைசிக்கு வையுங்கள். எழும் ஆவியின் சூட்டையும் போகும் புகையின் சூட்டையும் இயன்ற அளவு மறுபடி வேலை வாங்குங்கள். பண்ணையில் வெப்பமானியோடு ஈரமானியையும் மாட்டுங்கள். ஏரியில் நீரை ஆழத்தில் வையுங்கள். மழை குறைந்த, வெயில் மிகுந்த இந்தச் சமவெளிக்கு ஆவியாதல் வரவாகவும் செலவாகவும் இருக்கிறது. எந்தப் பக்கத்தில் எழுதுவது என்பது பெரும்பாலும் நம் கையில்தான் இருக்கிறது.